பதினொரு நிமிஷக் கப்பல்

நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் வெளிச்சத்தால் ஒரு கப்பல் வரைய வேண்டும் என்று முதலில் சொன்னவன் தம்பிதான். கேட்டதும் அக்கா சிரித்துவிட்டாள். "உனக்கு வேற வேலையே இல்லையாடா?" என்றாள். ஆனால் மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்ததும், அந்தக் கப்பலுக்கு எத்தனை அடி எல்இடி பட்டை பிடிக்கும் என்று சுவரில் பென்சிலால் எழுதிப் பார்த்ததும் அவள்தான்.

கடைகளுக்கு ஒளிரும் பெயர்ப்பலகை செய்துகொடுப்பது அவள் தொழில். கழுத்தில் எந்நேரமும் ஒரு ஒயர்ச்சுருள் தொங்கும். அதனால் தெருவில் சின்னது பெரியது எல்லாருக்கும் அவள் ஒயரக்கா. தம்பி போட்டோக்காரன். பாஸ்போர்ட் படம், கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று வந்ததையெல்லாம் எடுப்பான். உயிரை வைத்திருந்தது ஒளி ஓவியத்தில். இருட்டில் கேமராவை முக்காலியில் நிறுத்தி ஷட்டரை நிமிஷக்கணக்கில் திறந்து வைத்துவிட வேண்டும். கறுப்பு உடை போட்ட ஒருவர் கையில் விளக்கோடு அதன் முன்னால் நடக்க வேண்டும். நடக்கிற ஆள் படத்தில் விழமாட்டார், விளக்கு போன வழி மட்டும் கோடாக விழும். அவன் கேமராவுக்குப் பின்னால், அவள் விளக்கோடு முன்னால். ஏழு வருஷமாக இந்த ஏற்பாடு மாறவில்லை.

இந்தத் தடவை படம் புதிதாகக் கட்டிய குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு. அறுவைசிகிச்சை அறைக்குப் போகிற நடைபாதையில் இருபதடிச் சுவர் ஒன்று வெறுமையாக இருந்தது. "கட்டில்ல தள்ளிக்கிட்டு போறப்ப பிள்ளைங்க பயத்துல கூரையையே பாக்குதுங்க. பக்கவாட்டுல திரும்பிப் பாக்க ஏதாவது ஒன்னு இருக்கணும்" என்று பெரிய டாக்டரம்மா சொன்னாராம். கம்ப்யூட்டரில் நாலு படத்தை ஒட்டி ஒரு கப்பல் செய்துவிடலாம். தம்பி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ஒட்டு வேலையெல்லாம் கிடையாது. ஒரே படம், ஒரே தடவை" என்றுவிட்டான். பிடிவாதத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

தொட்டியை வருஷத்தில் இரண்டு நாள் காலிசெய்து கழுவுவார்கள். முதல் நாள் கழுவல். இரண்டாம் நாள் பகல் முழுக்கத் தொட்டி சும்மா கிடக்கும். அந்தப் பகலைத்தான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தான். வால்வுகளைத் திறந்து மூடுகிற பெரியவரை அங்கே எல்லாரும் வால்வுக்காரர் என்றே சொன்னார்கள். அவர் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நாலு மணிக்குத் தண்ணி திறந்தாகணும். அதுக்கு முன்னால நீங்க மேல வந்துடணும். அப்புறம் நீந்தி வரேன், கப்பல்ல வரேன்னு சொல்லக்கூடாது."

"மூணரைக்கே வந்துடுவோம் ஐயா" என்றான் தம்பி.

தம்பி முதலில் இறங்கினான், தரையைப் பார்த்துவிட்டு வர. அக்கா மேலேயே உட்கார்ந்து, அக்ரிலிக் குழாய்களுக்குள் பட்டைகளைச் செருகி, பேட்டரிகளை இன்சுலேஷன் டேப்பால் கட்டிக்கொண்டிருந்தாள். கப்பலின் உடம்புக்கு நீலக்குழாய், பாய்களுக்கு வெள்ளைக்குழாய். இருபது நிமிஷம் கழித்து ஏணியின் அடியிலிருந்து குரல் வந்தது.

"பாத்தாச்சுக்கா. கணுக்காலளவு தண்ணி நிக்குது. நல்லா கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். தூணுக்குத் தூண் நடந்து அளந்துட்டேன். பன்னிரண்டு எட்டு."

"வழுக்குதா? குழி கிழி ஏதாவது?"

"ஒன்னுமில்ல. நேரா நடக்கலாம்."

அவள் நம்பினாள். ஏழு வருஷமாகத் தரையைப் பார்ப்பது அவன் பொறுப்பு. ஒரு தடவைகூட அவளுக்குக் கால் இடறியதில்லை.

உள்ளே இறங்கினால் வேறு உலகம். வரிசை வரிசையாகத் தூண்கள், சிமென்ட் வாடை, எங்கோ சொட்டுகிற தண்ணீர். பேசினால் குரல் நாலு பக்கமும் மோதித் திரும்பி, பேசினவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாமல் அடித்தது. கேமராவுக்குப் பக்கத்தில் வைத்த பேட்டரி விளக்கின் வெளிச்சம் மூன்றாவது தூணுக்கு மேல் போகவில்லை. காற்று போவதற்காக மேலே ஓட்டைகளில் மின்விசிறி பொருத்தி, வெளிச்சம் வராமல் சாக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். மூடிக்கு மேலே கறுப்புத் துணி. துணியை இழுத்ததும், வெளியே கொளுத்துகிற வெயில் என்பதே மறந்துபோனது.

முதல் தடவை இரண்டாவது நிமிஷத்திலேயே குழாயின் சுவிட்ச் மக்கர் செய்தது. இரண்டாவது தடவை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நாலாவது நிமிஷத்தில் வால்வுக்காரர் துணியைத் தூக்கித் தலையை நீட்டி, "டீ வேணுமா?" என்றார். கேமராவுக்குள் சூரியனே இறங்கியது மாதிரி ஆகிவிட்டது. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, "வேண்டாங்க ஐயா, ரொம்ப நன்றி" என்றான். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவன் ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் வெடுக்கென்று.

மூன்றாவது தடவை தொடங்கும்போது மணி ஒன்றரை.

பேட்டரி விளக்கை அணைத்துவிட்டு, "திறந்தாச்சு" என்றான் தம்பி.

அக்கா நீலக்குழாயைப் போட்டுக்கொண்டு நடந்தாள். முழங்கால் உயரத்தில் பிடித்து, மூக்குப் பகுதிக்கு மெல்லத் தூக்கி, வளைத்து, மறுபடி இறக்கி. வரைகிறவளுக்குத் தான் வரைந்தது தெரியாது. பென்சில் கோடு மாதிரி காற்றில் எதுவும் தங்காது. உடம்புதான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும், இத்தனை எட்டு, இத்தனை மூச்சு என்று. தம்பி நொடிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தான். அவன் எண்ணிக்கைக்குத்தான் அவள் கால்கள் நகர்ந்தன. ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். ரப்பர் பூட்ஸைத் தண்ணீர் கலங்காமல் தூக்கித் தூக்கி வைத்தாள். ஐந்து நிமிஷம் தாண்டியது. கப்பலின் முன்பாதி முடிந்து பின்பக்கம் தொடங்குகிற இடம். முந்தைய இரண்டு தடவையும் அவள் அதுவரை வந்ததே இல்லை.

ஆறாவது நிமிஷத்தில் முழங்காலில் ஏதோ இடித்தது.

கம்பு. செங்குத்தாக நட்டு வைத்த கம்பு. அவள் இடித்த வேகத்தில் அது சாய்ந்து, 'ளொப்' என்று தண்ணீரில் விழுந்தது. கணுக்காலளவுத் தண்ணீரில் விழுகிற சத்தம் இல்லை அது. ஆழத்தில் விழுகிற சத்தம். அவள் அப்படியே நின்றாள். வலது காலை மெல்ல முன்னால் நீட்டித் தடவினாள். தரை இருந்தது. இன்னும் ஒரு சாண் நீட்டினாள். தரை இல்லை.

காலை இழுத்துக்கொண்டாள்.

"டேய், இங்க என்னமோ குழி இருக்குடா!"

எண்ணிக்கை நின்றது. "என்னது?"

"குழி! நீ பாக்கலையா? கம்பு நட்டிருக்கு, என்னமோ துணிகூடக் கட்டியிருக்கு." படம் பாழாய்ப்போனால் போகட்டும் என்று அவள் நீலக்குழாயை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். கீழே தண்ணீரில் மிதந்தது ஒரு துண்டுத் துணி. நீல வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தாலும் அது சிவப்புத் துணிதான் என்று அவளுக்குப் புரிந்தது. எச்சரிக்கைக்குக் கட்டியது.

அப்போதுதான் தம்பி அதைக் கேட்டான்.

"அக்கா, எங்க இருக்க? எதுக்கு விளக்கை அணைச்ச?"

அவள் கையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆளுயரக் குழாய். அந்தத் தொட்டியிலேயே வெளிச்சம் என்று இருந்தது அது ஒன்றுதான். பதினைந்து எட்டுத் தள்ளி நின்று அவன் அதை அணைத்துவிட்டதாகச் சொல்கிறான்.

அவள் குழாயை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"விளக்கு எரியுதுடா" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

சளக், சளக் என்று தண்ணீரில் காலடி கேட்டது. அவளை நோக்கி வருகிறான்.

"வராதே! அங்கேயே நில்லு!"

குரல் தூண்களில் மோதி எல்லாப் பக்கத்திலிருந்தும் திரும்பியது. நில்லு, நில்லு, நில்லு. அவனுக்கு அது எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ! காலடி வேகமானது. "இரு, நான் வந்துட்டேன்" என்றான். பயத்தில் இருக்கிறவளைத் தூக்கிவிட ஓடிவருகிறவனின் குரல். அவள் விளக்கை இப்படியும் அப்படியும் வீசினாள். அவன் உருவம் நீலமாகத் தெரிந்தது. கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு வந்தான். நேராக அவளைப் பார்த்து வரவில்லை. குழி அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"தம்பீ!"

அடுத்த எட்டில் அவன் இல்லை.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. தண்ணீர் ஒரு தடவை எழும்பி அடங்கியது, அவ்வளவுதான். அவள் தடாலென்று தரையில் குப்புற விழுந்து, குழாயைக் குழிக்குள் நீட்டினாள். கசடு கலங்கி நீல வெளிச்சம் பாலாகிவிட்டிருந்தது. எதுவும் தெரியவில்லை. "ஐயா! வால்வுக்காரரே!" என்று கத்தினாள். மேலே மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. யாருக்குக் கேட்கும்?

குழாயின் நுனியில் ஏதோ பட்டது. பிடித்தது. குழாய் வளைந்து, படீரென்று உடைந்தது. ஆனால் அதற்குள் ஒரு கை மேலே வந்திருந்தது. அந்த மணிக்கட்டை அவள் இரண்டு கையாலும் பற்றினாள். அவன் தலை வெளியே வந்தது. இருமினான், ஒரு வாய் தண்ணீர் குடித்தான், மறுபடி அமுங்கினான். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து அவனைக் கீழே இழுத்தது. குழியின் விளிம்பெல்லாம் பாசி. விரல் நிற்கவில்லை.

"பூட்ஸை உதறுடா! காலை உதறு!"

"முடியலக்கா..."

"முடியும்! ஒரு காலை இன்னொரு காலால மிதிச்சுத் தள்ளு!"

அவள் இடது முழங்காலைப் பக்கத்துத் தூணில் முட்டுக்கொடுத்துக்கொண்டு இழுத்தாள். முழங்காலுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி ஒரு வலி, உச்சந்தலைவரை ஏறியது. விடவில்லை. பூட்ஸ் ஒன்று கழன்றது போலும், அவன் உடம்பு கொஞ்சம் லேசானது. சட்டைக் காலரைப் பிடித்தாள். பெல்ட்டைப் பிடித்தாள். எப்படி மேலே வந்தான் என்று பிறகு கேட்டபோது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கணுக்காலளவுத் தண்ணீரில் இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தார்கள். உடைந்த குழாயின் பாதி மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான். பிறகு அக்கா எழுந்து உட்கார்ந்து, அவன் முகத்துக்குப் பக்கவாட்டில் அந்தப் பாதிக் குழாயைக் காட்டினாள். அவன் திரும்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் கண்கள் அதைப் பிடித்தன.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "இருட்டுல தெரியாம போய் மூணு வருஷம் இருக்கும். ஓரத்துல தெரியாம போனது போன வருஷத்துல இருந்து. குழாய் வழியா பாக்கற மாதிரி இருக்குக்கா. நேரா இருந்தா தெரியும்."

"அப்ப காலைல தரையைப் பாத்தேன்னு சொன்னது?"

"தூணைத் தடவிக்கிட்டே நடந்தேன். நான் நடந்த பக்கம் ஒன்னும் தட்டுப்படல..."

"இத்தனை நாள் எடுத்த படமெல்லாம்?"

"நீ எப்படி நடப்பேன்னு எனக்குத் தெரியும். மனசுல எண்ணிக்குவேன்."

அவளுக்கு அறையலாம் போல இருந்தது. அறைந்தும் விட்டாள். பலமாக இல்லை, தோளில்தான். அறைந்த கையாலேயே அவன் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "அடப்பாவி, அடப்பாவி" என்றாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அவளுக்கு மட்டும்."

அவள் என்றால் அவன் மனைவி. தினமும் போனில் அக்காவோடு அரைமணி நேரம் பேசுகிறவள். கறிகாய் விலையிலிருந்து மூத்த மகளின் பல்வலிவரை ஒன்று விடாமல் சொல்கிறவள். இதை மட்டும் சொல்லவில்லை.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா கேமராவைக் கீழ வைன்னுவாங்க."

அவள் ஏணிவரை தவழ்ந்துதான் போனாள். இடது காலை ஊன்ற முடியவில்லை. கீழேயிருந்து ஏணியை இரும்புக் கம்பியால் தட்டத் தட்ட, கடைசியில் துணி விலகி வால்வுக்காரரின் தலை தெரிந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் மளமளவென்று இறங்கிவந்தார். பின்னால் கழுவுகிற ஆட்கள் இரண்டு பேர். டார்ச்சில் பார்த்தால், குழியை மூடவேண்டிய இரும்புக் கம்பிச் சட்டம் சுவரில் சாத்தியிருந்தது. கசடு அள்ளுவதற்காக எடுத்தவர்கள் திரும்பப் போடவில்லை.

வால்வுக்காரர் ஆட்களைப் பிடிபிடியென்று பிடித்தார். "சட்டத்தைப் போடாம எவன்டா மேல வரச் சொன்னான்?"

"கம்பு நட்டு செவப்புத் துணி கட்டினோமே ஐயா. கண்ணு இருக்கற யாருக்கும் தெரியுமே" என்றான் ஒருவன்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அக்கா, "சட்டத்தைப் போடுங்க, பேச்சு எதுக்கு" என்றாள்.

சட்டம் குழியின் மேல் ஏறி 'டங்' என்று உட்கார்ந்தது. மணி இரண்டு இருபது. அக்கா ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"என்னக்கா பண்ற?"

"கிளம்பறோம். கப்பலும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். உயிரோட இருக்கோம், அது போதும்."

"உன் காலு?"

"வீங்கிப்போச்சு. நடக்கறதே பெரும்பாடு."

அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு கால் வெறுங்கால். தலைமயிரிலிருந்து சேறு சொட்டியது. பிறகு சொன்னான், "நான் நடக்கறேன். நீ கேமராகிட்ட உக்காரு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"விளக்கு பிடிச்சு வரையறவனுக்குக் கண்ணு எதுக்குக்கா? நீ பாத்துக்கிட்டா நடந்த? கேமராகிட்ட நிக்கறவனுக்குத்தான் கண்ணு வேணும். அங்கதான் இத்தனை நாள் நான் ஏமாத்திக்கிட்டு நின்னேன்." முகத்துச் சேற்றைப் புறங்கையால் துடைத்தான். "இடத்தை மாத்தி நின்னிருக்கணும். சொல்ல வாய் வரல."

அக்காவுக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் அவன் சொன்னது தப்பென்றும் அவளால் சொல்ல முடியவில்லை. சுருட்டிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

"ஒரே ஒரு தடவைதான். சரியா வந்தாலும் வரலைன்னாலும் மேல ஏறிடணும்."

"சரி."

"வெள்ளிக்கிழமை என்கூடக் கண்ணாஸ்பத்திரிக்கு வரணும். சாக்குப்போக்கு சொல்லக்கூடாது."

அவன் சட்டென்று தலையாட்டவில்லை. "வரேன்" என்றான்.

வால்வுக்காரரே கயிறு கொண்டுவந்தார். இடுப்புயரத்தில் தூணுக்குத் தூண் கயிறு கட்டினார்கள். ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு சுற்று டேப், கைவிரலுக்குத் தட்டுப்படும். வளைவு எழும்பவேண்டிய இடத்தில் இரண்டு சுற்று. உடைந்த நீலக்குழாய்க்குப் பதிலாக அக்கா மிச்சமிருந்த பட்டையை ஒரு துடைப்பக் கட்டையில் சுற்றினாள். வேலை முடிய மூன்று மணி ஆகிவிட்டது. ஆட்கள் மேலே போனார்கள். வால்வுக்காரர் மட்டும், "நான் இந்தக் கடைசித் தூண்கிட்ட நிக்கறேன். மூச்சுகூட விடமாட்டேன்" என்றார். "டீ கேக்க மாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. கேமராவுக்குப் பின்னால் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"திறந்தாச்சு. ஒன்னு, ரெண்டு, மூணு..."

நீல வெளிச்சம் நகர்ந்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பது இவ்வளவு கொடுமை என்று அவள் நினைத்ததே இல்லை. வெளிச்சம் எரிகிறது, ஆனால் அதைப் பிடித்திருக்கிறவன் இல்லை. சட்டத்தின் மேல் அவன் கால் வைக்கிற இடம் வந்தபோது அவள் எண்ணிக்கை தடுமாறியது. இரும்பு லேசாகக் கிரீச்சிட்டது. வெளிச்சம் ஒரு கணம் நின்றது. நின்றால் அந்த இடத்தில் பொட்டாக விழுந்துவிடும். "போ, போ, போய்க்கிட்டே இரு" என்று மனசுக்குள் கதறினாள். வாய் "முன்னூத்தி நாப்பத்தொன்னு" என்றது. வெளிச்சம் நகர்ந்தது.

நாலாவது தூணுக்கு அப்பால் அது திடீரென்று கயிற்றை விட்டு விலகிப் போனது. கையிலிருந்து கயிறு நழுவியிருக்க வேண்டும். அவள் எண்ணுவதை நிறுத்தாமல் குரலை மட்டும் மாற்றினாள். "நானூத்தி பத்து, இடது, நானூத்தி பதினொன்னு, இடது." எதிரொலியில் அது அவனுக்கு என்னவாகக் கேட்டதோ, ஒரு பாதி எட்டு தயங்கி, திரும்பக் கயிற்றைப் பிடித்துவிட்டான். கப்பலின் உடம்பு முடிந்ததும் கறுப்பு அட்டையால் லென்ஸை மறைத்தாள். வால்வுக்காரர் இருட்டிலேயே அவன் கையில் வெள்ளைக்குழாயைத் திணித்தார். அட்டையை எடுத்தாள். பாய்கள் ஏறின. ஒன்று, இரண்டு, மூன்று.

அறுநூற்று அறுபதில் மூடினாள்.

கேமரா தானே படத்தைச் சுத்தம் செய்து சின்னத் திரையில் காட்ட, எடுத்த நேரத்துக்குச் சமமாக இன்னொரு பதினொரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். தம்பி வந்து அவள் பக்கத்தில் குந்தினான். பற்கள் தந்தியடித்தன. அவள் பையில் வைத்திருந்த துப்பட்டாவை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள். மணி மூன்று முப்பத்தாறு. வால்வுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

படம் வந்தது. தூண்களுக்கு நடுவில் கப்பல் நின்றது, தண்ணீரில் அதே கப்பல் தலைகீழாக. கயிறு நழுவிய இடத்தில் அதன் பின்பக்கம் கொஞ்சம் உப்பியிருந்தது. சரக்கு அதிகமாக ஏற்றிய மாதிரி. தம்பி திரையை மூக்குக்கு நேரே வைத்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். இப்படித்தான் அவன் ரொம்ப நாளாகப் படங்களைப் பார்க்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதைக் கவனம் என்று நினைத்திருந்தாள்.

"தொப்பை போட்ட கப்பல்" என்றான்.

"இருக்கட்டும். ஏறுங்க மேல" என்றார் வால்வுக்காரர்.

வீட்டு வாசலில் தம்பி மனைவி இருவரின் கோலத்தையும் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பிள்ளைங்க தலைமேல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. ஒவ்வொரு தடவை நீங்க ரெண்டு பேரும் கிளம்பறப்பவும் எனக்கு உயிர் உயிரா இருக்காது." அவள் அழுதாள். அக்கா சமாதானம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் இருவரும் பழையபடி அரைமணி நேரம் பேசுவதற்குப் பல மாதம் ஆனது.

வெள்ளிக்கிழமை அவன் வந்தான். கண்ணாஸ்பத்திரியின் பரிசோதனை அறையில், பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு இயந்திரம் இருந்தது. மோவாயை அதில் வைத்து நடுவிலிருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். கிண்ணத்தின் ஓரங்களில் எங்காவது வெளிச்சப்புள்ளி மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். சோதனை செய்கிற பெண், அக்காவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பேசக்கூடாது என்று சொன்னாள். அறை இருட்டானது.

டக். டக். டக். பொத்தான் அழுத்துகிற சத்தம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, இவ்வளவு தெரிகிறதே என்று. பிறகு உற்றுக் கேட்டாள். ஒழுங்கு ரொம்ப அதிகமாக இருந்தது. இரண்டு நொடிக்கு ஒன்று, இரண்டு நொடிக்கு ஒன்று. அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

"சார், புள்ளி வராதப்பவும் அழுத்தறீங்க" என்றாள் அந்தப் பெண்.

"வந்துச்சே."

"வரல சார்."

அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. "டேய்" என்றாள் மெதுவாக. "தெரியலைன்னா விடுடா. தெரியல, அவ்வளவுதானே?"

அந்தப் பெண் கண்டிக்கவில்லை. இயந்திரத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். இந்தத் தடவை சத்தமே வரவில்லை. அவள் திரையில் புள்ளிகள் மேலே, கீழே, ஓரத்தில் என்று மின்னி மின்னி மறைந்தன. பொத்தான் அசையவில்லை. ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது. அக்கா தன் விரல்களை ஒன்றோடொன்று நெரித்துக்கொண்டாள். அப்புறம் நடுவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வந்தது. டக். இன்னொன்று. டக்.

விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது, போனது திரும்பாது, நடுப்பார்வை இன்னும் பல வருஷம் நிற்கலாம் என்றார் டாக்டர். வண்டி ஓட்டக்கூடாது. இருட்டில் தனியாக எங்கும் போகக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரவேண்டும். கேமராவைக் கீழே வை என்று அவர் சொல்லவில்லை. தம்பி அதை எதிர்பார்த்துக் காத்திருந்து, கடைசியில் தானே கேட்டான். "பகல்ல எடுங்க, யார் வேண்டாம்னா?" என்றார்.

கீழே இறங்குகிற படிக்கட்டில் ஒரு திருப்பத்தில் விளக்கு எரியவில்லை. முன்னால் போன தம்பி அங்கே நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவன் கைப்பிடிச் சுவரைத் தடவப் போனான், பிறகு கையை எடுத்துக்கொண்டான்.

"அக்கா, இங்க எனக்குத் தெரியல" என்றான்.

முழங்காலில் கட்டுப்போட்ட அக்கா நொண்டிக்கொண்டே வந்து தோளைக் கொடுத்தாள். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி மனைவி, "யாரு யாரைப் பிடிச்சுக்கிட்டு வரீங்க?" என்றாள்.

"பேசாம வந்து அந்தப் பக்கம் பிடி" என்றாள் அக்கா. மூன்று நாளில் அவள் தம்பி மனைவியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.